சனிக்கிழமை மூன்று மணி

பிரிட்டிஷ் சினிமாவில் தொழிலாளி என்பவன் 1960-ஐ ஒட்டி வந்த யதார்த்தப் படங்களில்தான் முதன்முதலாக மனிதனாகத் தலைகாட்டினான் என்றும், அதற்கு முந்திய ஹாஸ்யப் படங்கள் யாவும் அவனை உறங்கவைத்த லாகிரி வஸ்துக்களே என்றும் தோழமை இதழொன்றில் ஒரு விமரிசகர் தீர்மானமாக எழுதியிருக்கிறார். அபிப்பிராய பேதம் நமக்குப் புதிதன்று. ஆனால், திருஷ்டாந்தமாக அவர் ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்ட படம் 1955-இல் வெளிவந்த 'தி லவ் மேட்ச்' என்று கண்டபோது சும்மாயிருக்க மனம் ஒப்பவில்லை.

ரயில் இன்ஜின் டிரைவர் ஒருவரும் அவருடைய ஃபயர்மேனும் கால்பந்துப் பித்தர்கள். வண்டியைக் கொண்டு சேர்த்துவிட்டு ஆட்டத்துக்குப் போய்விட வேண்டுமென்பதே இருவருடைய தவிப்பும். டிரைவராக ஆர்தர் அஸ்கி, அவர் மனைவியாக தோரா ஹேர்ட். ஃபயர்மேனாக வரும் கிளென் மெல்வின் எழுதிய நாடகமே படமாயிற்று. இயக்கிய டேவிட் பால்டெங்கியோ பாலே நர்த்தகர். தயாரித்தது, அரசாங்கக் கடனுதவியில் 1951-இல் பிறந்த 'குரூப் 3'. அதைப் பொறுப்பேற்று நடத்தியவர்களில் ஒருவர், விவரணப் படத்தின் பிதாமகர் என்று நம் விமரிசகர்கள் நாள்தோறும் வணங்கும் கிரியர்ஸன்.

வேலையை விட்டு விளையாட்டுக்கு ஓடுவது மயக்கத்தின் அடையாளமாம். சனிக்கிழமைப் பிற்பகல் யாரும் போட்ட பிச்சையா? நெசவாலைகளில் பெண்களும் இளைஞர்களும் சனிக்கிழமை இரண்டு மணிக்குமேல் வேலை செய்யலாகாது என்று 1850-இல் சட்டம் வந்தது, நெடுங்காலப் போராட்டத்தின் பலன். ஆலைச் சங்கு ஊதி, முகம் கழுவி, மைதானம் போய்ச் சேர்ந்தால் மணி மூன்று, ஆட்டம் தொடங்கும் நேரம். ஆனால் அந்த ஜனத்திரளை மைதானத்துக்கு ஏற்றிச் செல்ல ரயில் ஓடியாக வேண்டும்; ஆகவே ஊரார் ஓய்வையெல்லாம் சுமந்து செல்லும் டிரைவருக்கும், நெருப்பின் முன் கரி அள்ளி வீசும் அவர் துணைவருக்கும் அந்த ஓய்வு கிட்டுவதில்லை. இப்படத்தின் சிரிப்பெல்லாம் இந்த அநீதியின்மேல் நிற்கிறது. இதை உணராதவர் வர்க்கம் என்ற சொல்லை எத்தனை முறை எழுதியும் பிரயோஜனமில்லை.

ரயில் காட்சியொன்று போல்டன் நகரத்து பர்ண்டன் பார்க்கில் எடுக்கப்பட்டது. மைதானத்தின் ஒரு கோடியில், கோலுக்குப் பின்னாலேயே, தண்டவாளம் ஓடும் மேட்டுக்கரை இருந்தது. 1953-இல் ஓவியர் லௌரி வரைந்த, ஆட்டத்துக்குச் செல்லும் கூட்டத்தின் சித்திரமும் இந்த மைதானத்தைப் பற்றியதுதான். அதன் அச்சுப்பிரதி ஒன்று வெகுகாலம் எம் மேஜைக்கெதிரே தொங்கிற்று. குச்சிபோன்ற கால்கள், எதிர்காற்றில் நடப்பவர்போல் முன்சாய்ந்த முதுகுகள், அத்தனை பேரும் ஒரே வாயிலை நோக்கி. முகம் தெரியாமலே அவர்களுடைய ஆவல் தெரியும். இதே மைதானத்தில் 1946 மார்ச் 9 அன்று நெரிசலில் 33 பேர் மாண்டார்கள். உடல்களைக் கோட்டோரம் கிடத்தி, கோட்டுகளால் மூடி, ஆட்டத்தை மேலே நடத்தினார்கள். ஒன்பதாண்டு கழித்துக் கொட்டகையில் சிரித்த போல்டன்காரர்களில் அந்தக் கூட்டத்திலிருந்து பிழைத்து வந்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களை உறங்கியவர்கள் என்று சொல்ல எமக்கு நா எழவில்லை.

படம் உன்னத சிருஷ்டி என்று நாம் வாதிக்கவில்லை. வீட்டுக்குள் நிகழும் காட்சிகளில் நாடக மேடையின் வாடை போகவில்லை. எமது மனஸ்தாபம் வேறு: உழைப்பாளி அழுதால் இலக்கியம், சிரித்தால் பாமர கேளிக்கை என்னும் இந்த அளவுகோல், அவனுடைய துயரத்தை மட்டும் கௌரவித்து அவனுடைய சந்தோஷத்தை நமது அனுமதிக்காகக் காத்திருக்க வைக்கிறது. முற்போக்கு முகாமும் தூய கலைவாதிகளும் வேறெதில் முரண்பட்டாலும் இதில் ஒன்றுபட்டிருப்பது வெட்கப்படத் தக்கது.

அந்த விமரிசகர் இப்படத்தை முழுமையாக ஒருமுறை பார்த்துவிட்டு மறுப்பு எழுதட்டும். ஒரு வரியும் வெட்டாமல் அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.