மணிக்கட்டு நோவும் சங்கத்தின் கடமையும்

தணிக்கைக்குச் செல்லுமிடங்களில், பத்தமடையில் கோரைப்பாய் முடைவோரும் வீரவநல்லூர்த் தறிக்காரரும் கை மரத்துப்போவதை முதுமையின் குறியென்று ஒதுக்கிவிடுவதைக் காண்கிறோம். வாழையிலை அறுக்கும் விவசாய அங்கத்தினரும் அவ்வாறே. மணிக்கட்டின் குறுகிய வழியில் நடுநரம்பு நசுங்குவதாலும் இவ்வாறு நேரும். மருத்துவர் இதனைக் ‘கார்பல் டனல்’ என்பர். பெருவிரல் முதல் மோதிரவிரலின் பாதிவரை மரக்கும், சுண்டுவிரல் தப்பிவிடும். நள்ளிரவில் உறக்கம் கலையும். கையை உதறினால் சற்றே தணியும்.

ஆரம்பத்திலேயே கவனித்தால் பலருக்குக் கத்தி வேண்டியதில்லை. மணிக்கட்டை வளையாமல் நேரே நிறுத்தும் பட்டையை இரவுதோறும் 6 வாரமேனும் அணிவது முதற்சிகிச்சை. விரல்களை மெல்ல மடக்கி நீட்டும் பயிற்சியைப் பாளையங்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டறியலாம். (எண்ணெய் தடவிச் சொடக்கெடுப்போரிடம் ஓடுவது நமக்கு உடன்பாடன்று.) நீரிழிவும் தைராய்டுக் குறையும் உண்டா எனப் பார்த்துக்கொள்வது அவசியம். பெருவிரலடிச் சதை வற்றத் தொடங்கிவிட்டாலோ அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடலாகாது.

இரவுப் பட்டை எளிது. பகல் ஓய்வே அரிது. நெய்த அளவுக்கே கூலி பெறுபவர் கையை நிறுத்தினால் அடுப்பும் நின்றுவிடும். ஆகவே நோவை மறைத்து நெய்கின்றனர். பொது நன்மை நிதியிலிருந்து பட்டை வாங்கித் தருவதும், அந்த 6 வாரமும் நெசவைக் குறைப்போருக்குக் கூலி முன்பணம் அளிப்பதும் சங்கத்தால் ஆகாத காரியமன்று. தறியின் அச்சும் விழுதும் பழுதுபட்டால் உடனே தீர்மானம் நிறைவேற்றும் நிர்வாகக் குழு, நெய்யும் கை பழுதுபடுகையில் வாளாவிருப்பது ஏன்? அடுத்த பேரவைக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதனை எழுத்து மூலம் கேட்க வேண்டுமென்பது நம் அபிப்பிராயம்.