போன மாசம் அதிகம் கேட்ட பாட்டுகளும் கணக்கில் வராத ஒரு பாட்டும்

லீவுக்கு வீட்டுக்கு வரும்போது ஹட்டனில் பஸ் ஏறினால், டிக்கோயா, நோர்வூட் தாண்டி பொகவந்தலாவை வரைக்கும் டிரைவர் அண்ணன் போடுறதுதான் பாட்டு. பெரும்பாலும் இளையராஜா, நடுவில் ஒரு பைலா. நாங்கள் மூன்று பேரும் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தனித்தனி உலகத்தில் இருப்போம். இந்த முறை பொழுது போகாமல் போனை மாற்றிப் பார்த்தோம். ஸ்பொட்டிஃபையில் 'ஒன் ரிபீட்' என்று ஒரு பட்டியல் இருக்கிறதே, கடைசி 30 நாளில் நாம் திரும்பத் திரும்பக் கேட்டதையெல்லாம் காட்டுமே, அதை.

பாதிக்கு மேல் அனிருத். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் மூன்று பேருக்கும் பொதுவாக மூன்று பாட்டுகள் இருந்தன. 'மாமன்னன்' படத்தில் வடிவேலு பாடிய 'ராசா கண்ணு', 'பரதேசி'யில் வரும் 'செங்காடே', பிறகு 2021இல் வந்த 'என்ஜாய் எஞ்சாமி'.

யோசித்துப் பார்த்தால் இந்த மூன்றையும் நாங்கள் சும்மா கேட்கவில்லை. 'பரதேசி' தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போகப்பட்டவர்களின் கதை. பி.எச். டேனியல் 1969இல் எழுதிய 'ரெட் டீ' நாவலை ஒட்டி எடுத்த படம். கதை நடப்பது தென்னிந்தியாவில். ஆனாலும் கங்காணியைப் பார்த்ததும் எங்களுக்கு அது யாரென்று தெரிந்தது. 'என்ஜாய் எஞ்சாமி' இன்னும் நெருக்கம். அதை எழுதிப் பாடிய அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பாட்டி வீடியோவிலும் இருக்கிறார். அதாவது நாங்கள் அதிகம் கேட்ட பாட்டு எங்கள் மலையில் கொழுந்து பறித்த ஒரு பாட்டியைப் பற்றியது. ஆனால் அது சென்னை வழியாகத்தான் எங்கள் காதுக்கு வந்தது. இங்கிருந்து நேராக வந்த ஒரு பாட்டுகூட பட்டியலில் இல்லை.

ஏன் இல்லை? "நம்ம ஆளுங்களுக்குப் பாட்டு எங்க இருக்கு?" என்று எங்களில் ஒருவன் கேட்டான். அது சரியில்லை. 1947இல் தலவாக்கலையில் இருந்து பாராளுமன்றம் போன சி.வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து நாட்டார் பாடல்களைத் தேடிச் சேகரித்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று புத்தகமாகத் தொகுத்தவர். மாசியில் காமன் கூத்து நடக்கிற தோட்டங்களில் இன்றைக்கும் தப்புச் சத்தத்தோடு விடிய விடியப் பாட்டு கேட்கும். பாட்டு இருக்கு. போனுக்குள் வரவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு ராத்திரி லயத்து அடுப்படியில் எங்களில் ஒருத்தியின் அம்மாயியிடம் கொழுந்து மலைப் பாட்டு ஒன்று பாடச் சொன்னோம். "எதுக்குடி இப்ப அது?" என்று வெட்கப்பட்டார். பிறகு இரண்டு வரி பாடி நிறுத்திவிட்டார். மறந்துபோச்சா என்று கேட்டோம். இல்லையாம். இவர் பாடினால் பக்கத்து நெரையில் நிற்கிறவள் பதில் பாடுவாளாம். "அவ வரி எனக்குத் தெரியாது. அவ கூடலூருக்குப் போயிட்டா" என்றார்.

1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இங்கே என்று எங்கள் ஆட்களைப் பிரித்தார்கள். பரீட்சைக்காக அந்த எண்ணைப் பாடமாக்கியிருக்கிறோம். ஒரு பாட்டையும் அது பாதியாகப் பிரித்திருக்கும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அம்மாயி பாடியது 20 விநாடிகூட இருக்காது. ஒரு பாட்டை 30 விநாடியாவது கேட்டால்தான் ஸ்பொட்டிஃபை அதைக் கணக்கில் சேர்க்கும். பஸ்ஸில் ஓடுறதும் கோயில் ஸ்பீக்கரில் கேட்கிறதும் அந்தக் கணக்கில் இல்லை. அதனால் 'ஒன் ரிபீட்' பார்த்து எங்கள் ரசனை இதுதான் என்று முடிவு கட்ட மாட்டோம்.

அதுக்காக அனிருத்தைக் கேட்காதீங்க என்று சொல்ல வரவில்லை. நாங்களே நிறுத்தப் போவதில்லை. நாங்கள் சொல்வது ஒன்றுதான். கையில் இருக்கிற போனில் ரெக்கோடரும் இருக்கு. இந்த லீவில் வீட்டில் இருக்கிற அம்மாயி, அப்பாயி, தப்படிக்கிற மாமா யாரிடமாவது அனுமதி கேட்டு ஒரு பாட்டைப் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், தோட்டம், திகதி மூன்றையும் கட்டாயம் எழுதி வையுங்கள். பெயர் ஏன் முக்கியம் என்றால், 'என்ஜாய் எஞ்சாமி' உலகம் முழுக்கப் போன பிறகும் 2021 ஓகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் முதலில் அறிவின் படம் இல்லை. கேள்வி எழுந்த பிறகுதான் அவருக்குத் தனி அட்டை வந்தது. அவருக்கே அப்படி என்றால் எங்கள் அம்மாயியை யார் தேடப் போகிறார்கள்?

அம்மாயியின் இரண்டு வரி இப்போது எங்கள் மூன்று பேர் போனிலும் இருக்கிறது. கூடலூர்ப் பக்கம் சொந்தக்காரர்கள் இருக்கிறவர்கள் அங்கே இருக்கிற பாட்டிமாரிடமும் கேட்டுப் பாருங்கள். மிச்ச வரி அங்கே யாருக்காவது ஞாபகம் இருக்கலாம்.