சிவகாசி நெரிசலும் கரிசல் கண்மாய்களும்

ஆலை வந்த இடமெல்லாம் ஜனநெரிசலும் கூடவே வந்திருக்கிறது. மான்செஸ்டரிலும் பம்பாயிலும் பஞ்சாலைகளைச் சுற்றி ஒண்டுக்குடித்தனங்கள் பெருகின. சிவகாசியின் கதை சற்று வேறு.

மானாவாரியை மட்டும் நம்பி வயிறு வளர்க்க முடியாத கரிசல் பூமி இது. 1920-களில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். பின்னர் அச்சகமும் பட்டாசும் வளர்ந்தன. தீப்பெட்டியும் அச்சகமும் ஊருக்குள்ளேயே நெருக்கியடித்து நின்றன. பட்டாசுக்கு அது ஆகாது. அறைக்கு அறை இடைவெளி வேண்டும், ஓர் அறையில் 4 பேருக்கு மேல் கூடாது என்பது விதி. எனவே பட்டாசு ஆலைகள் காட்டுப்பக்கம் போயின. சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரக் கிராமங்களுக்குக் காலையில் ஆலை பஸ் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறது. ஜனங்கள் ஊரைவிட்டுப் பெயராமலே தொழிலாளிகள் ஆனார்கள்.

களையெடுக்கவும் பருத்தி எடுக்கவும் ஆள் கிடைக்கவில்லை என்று சம்சாரிகள் குறைப்படுவது நியாயமே. ஆனால் புரட்டாசி முதல் தை வரை மட்டும் வேலை தரும் காட்டை நம்பி, வருஷம் முழுதும் கிடைக்கும் கூலியை யார் விடுவார்கள்? அந்தக் கூலியும் நிலையானதல்ல. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்குக் கட்டுப்பாடு விதித்தபின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. அப்போது சொந்தமாக நாலு ஆடும் விதைத்த காடும் வைத்திருந்தவர்கள்தான் ஓரளவு தாக்குப்பிடித்தனர். மற்றவர்கள் கடன் வாங்கினார்கள்.

2021-ல் திருத்தங்கல்லையும் சேர்த்துச் சிவகாசி மாநகராட்சியாயிற்று. இனி மனைப்பிரிவுகள் இன்னும் வேகமாகப் பெருகும். நகரமைப்பு என்றால் ரோடு, பஸ் நிலையம், சாக்கடை என்பதோடு நின்றுவிடுவது வழக்கம். இங்கே முதலில் வரைபடத்தில் குறிக்க வேண்டியவை கண்மாய்களும் அவற்றின் வரத்துக்கால்களுமே. வரத்துக்காலை மேடாக்கி மனை போட்டால், கீழே உள்ள ஆயக்கட்டு தரிசாகும். ஐப்பசி மழையில் அந்தத் தண்ணீர் புது வீடுகளுக்குள் புகும். நிலத்தடி நீரும் வற்றி, குடிக்கவும் வெளியூர்த் தண்ணீரையே எதிர்பார்க்க நேரும்.

மனைப்பிரிவுக்கு அனுமதி தருமுன் நீர்வளத்துறையின் கண்மாய்க் கணக்கையும் கிராம வரைபடத்தையும் ஒத்துப் பார்க்கவேண்டும். ஆயக்கட்டுச் சம்சாரிகளை அழைத்துக் கேட்கவும் வேண்டும். எந்த ஓடை எங்கே திரும்புகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். சீமைக்கருவேல் மண்டிய கண்மாய்களைத் தூர்வாரும் வேலையைப் பங்குனி, சித்திரையிலேயே தொடங்கினால்தான் அடுத்த மழைக்கு உதவும்.