மூன்றாம் வேற்றுமையும் ஒரு நிரலாளனும்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலையில் என் பழைய மாணாக்கன் ஒருவன் கிளிநொச்சியிலுள்ள என் இல்லத்துக்கு வந்திருந்தான். பள்ளிக்கூடத்தில் என்னிடம் இலக்கணம் படித்தவன். இப்பொழுது வவுனியாப் பல்கலைக்கழகத்தின் பம்பைமடு வளாகத்திலே கணினி விஞ்ஞானம் பயில்பவன். பழைய பாடத்தில் ஐயங்கேட்க வந்தான் போலும் என்று மகிழ்ந்தேன். அவன் கேட்டது வேறொன்று.

"ஐயா, நான் ஒரு நிரலை எழுதி எல்லாரும் எடுத்துக்கொள்ளலாமென்று விட்டுவிடுகிறேன். ஒரு கள்வன் அதைக்கொண்டு களவுப்பணத்தை மறைக்கிறான். மறியலுக்குப் போகவேண்டியவன் அவனா, நானா?"

இது பொழுதுபோக்குக் கேள்வியன்று. பணம் அனுப்புவார், பெறுவாருடைய அடையாளத்தை மறைக்கும் கருவியொன்றைத் தன் இறுதியாண்டு வேலையாக எழுத அவன் விரும்புகிறான். காரணமும் உண்டு. அவனுடைய தாயார் முல்லைத்தீவுப் பக்கத்துக் கிராமமொன்றில் தனியே இருப்பவர். தமையன் பிறநாட்டிலிருந்து பணம் அனுப்புவான். பணம் வந்த செய்தி ஊரறிந்தால் கடன் கேட்பார் முதலில் வருவர். எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது என்று கேட்பார் பின்னால் வருவர். வன்னியில் வாழ்ந்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மறைவெல்லாம் களவே என்று எண்ணுவோர் தம் வங்கிப் புத்தகத்தை ஒருநாள் சங்கக்கடைச் சுவரில் ஒட்டிவைத்துப் பார்க்கட்டும்.

கிரிப்டோ நாணயம் என்று சொல்லப்படுவதன் பேரேடு உண்மையில் அப்படிச் சுவரில் ஒட்டிய ஏடுதான். எக்கணக்கிலிருந்து எக்கணக்குக்கு எவ்வளவு சென்றது என்பதை உலகில் எவரும் பார்க்கலாம். பெயர் மட்டும் இராது. ஒருமுறை பெயர் தெரிந்துவிட்டால் முன்னும் பின்னும் உள்ளவையெல்லாம் தெரிந்தவையே. இக்குறையைப் போக்க 2019இல் எழுந்தது 'டொர்னேடோ காஷ்' என்னும் மென்பொருள்.

அதன் வேலையை எங்கள் இரணைமடுக் குளத்தைக் கொண்டு விளக்கலாம். ஆறும் ஓடையும் கொண்டுவந்த நீர் குளத்திலே ஒன்றாகிவிடுகிறது. துருசு வழியே வயலுக்குப் பாயும் நீரைப் பார்த்து, இஃது இன்ன ஓடையின் நீர் என்று யாரும் சொல்ல முடியாது. அதுபோலவே, பலரும் ஒரே அளவான தொகைகளை ஒரு பொதுவிடத்தில் இட்டு, பின்னொருநாள் வேறொரு கணக்கால் எடுத்துக்கொள்கின்றனர். எடுப்பதற்கு வேண்டிய இரகசியக் குறிப்பு இட்டவன் கையிலேயே இருக்கும். குளத்துக்குக் காவலாளன் இல்லை. 2020இல் அதனை ஆக்கியோர் துருசின் திறப்பையும் எறிந்துவிட்டனர். அதாவது, தாமே நினைத்தாலும் அந்நிரலை மாற்ற முடியாதபடி செய்துவிட்டனர்.

இக்குளத்தில் நல்லோரும் இறங்கினர். எதீரியத்தைத் தோற்றுவித்தவருள் ஒருவரான விற்றாலிக் புட்டெரின், உக்ரேனுக்கு நன்கொடை அனுப்பத் தாம் இதனைப் பயன்படுத்தியதாக 2022இல் வெளிப்படையாகவே கூறினார். கள்வரும் இறங்கினர். வடகொரியாவின் லாசரஸ் கூட்டம் களவாடிய பணத்தில் 45 கோடி டொலருக்கு மேற்பட்ட தொகை இதனூடாகச் சென்றதென்று கூறி, 2022 ஆகஸ்ட் 8ஆம் நாள் அமெரிக்கத் திறைசேரி இதனைத் தடைப்பட்டியலிற் சேர்த்தது. ஓர் ஆளையன்று, ஒரு நிரலை! இரண்டு நாள் கழித்து, ஆக்கியோருள் ஒருவரான அலெக்சி பேர்ட்செவ் ஆம்ஸ்ரடாம் நகரிற் கைதானார்.

களவு கொடுத்தவர் பக்கத்தையும் பார்க்கவேண்டும். 2024 யூலையில் இந்தியாவின் வசீர்எக்ஸ் நாணயச் சந்தையிலிருந்து ஏறக்குறைய 23 கோடி டொலர் பறிபோயிற்று. செய்தது வடகொரியாவே என்று அமெரிக்காவும் யப்பானும் தென்கொரியாவும் 2025 சனவரியிற் கூட்டாக அறிவித்தன. களவுபோனதிற் பெரும்பகுதி இதே குளத்தில் இறக்கப்பட்டது. அச்சந்தையில் நாணயம் வைத்திருந்தோர் கணக்குகள் எல்லாம் முடக்கப்பட்டன. அவருள் ஒருவர் சென்னை உயர்நீதிமன்றத்தை நாட, இத்தகைய நாணயமும் ஒருவருடைய உடைமையே என்று 2025 ஒக்ரோபரில் நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். உடைமையாயின், பறிகொடுத்தவன் துயரும் மெய்த்துயரே. ஆயினும், அவன் கேட்கும் நியாயத்தை யாரிடம் கேட்பது? திருடனிடமா, குளம் வெட்டியவனிடமா?

மாணாக்கனுக்கு நான் இலக்கணத்தைக் கொண்டே விடைசொல்ல முயன்றேன். என் கையிலிருந்தது அஃதொன்றே. 'நிரலால் மறைக்கப்பட்டது', 'நிரலாளனால் மறைக்கப்பட்டது' என்னும் இரண்டிலும் உருபு ஒன்றுதான். மூன்றாம் வேற்றுமையின் 'ஆல்' கருவிப்பொருளிலும் வரும், கருத்தாப்பொருளிலும் வரும். வாளால் வெட்டினான் என்றால் வாளுக்குத் தண்டனையில்லை. கருத்தாவும் இருவகை. கோயிலைக் கட்டிய தச்சன் இயற்றுதற் கருத்தா. கட்டுவித்த அரசன் ஏவுதற் கருத்தா. இது நாவலர் பெருமானின் இலக்கணச் சுருக்கம் படித்த சிறுவனும் அறிந்தது. நிரலாளன் பணத்தை மறைக்கவுமில்லை, மறைக்குமாறு ஏவவுமில்லை. வாளை அடித்துக்கொடுத்த கொல்லனுக்கு இவ்விரண்டிலும் இடமில்லை.

"அப்படியானால் நான் தப்பினேன், ஐயா" என்றான்.

"பொறும் தம்பி" என்றேன். "கொல்லன் வாளை விற்றதோடு போய்விடுகிறான். நீர் பட்டறை வாசலிலேயே நின்று, வருவார்க்கெல்லாம் வாளை எடுத்துக் கொடுத்து, வெட்டுக்கு இவ்வளவென்று காசும் வாங்கினால் உம்மைக் கொல்லன் என்று யார் சொல்வார்?"

நீதிமன்றங்கள் இடறிய இடமும் இதுவே. நெதர்லாந்து நீதிமன்று 2024 மே 14இல் பேர்ட்செவுக்கு 64 மாதச் சிறை விதித்தது. கருவி தானே இயங்குகிறது, நாங்கள் என் செய்வோம் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. மேன்முறையீட்டுக்கென அவர் 2025 பெப்ரவரியில் மின்காவலுடன் வெளிவிடப்பட்டார். அமெரிக்காவின் ஐந்தாவது மேன்முறையீட்டு நீதிமன்றமோ 2024 நவம்பரில் மறுபுறம் நின்றது: எவராலும் மாற்றவொண்ணாத நிரல் எவருக்கும் உடைமையன்று, உடைமையல்லாததைத் தடைசெய்யத் திறைசேரிக்கு அதிகாரமில்லை என்றது. 2025 மார்ச்சிலே தடையும் நீக்கப்பட்டது. கருவி தப்பிற்று.

ஆள் தப்பவில்லை. மற்றோர் ஆக்கியோரான ரோமன் ஸ்ரோம் நியூயோர்க்கில் விசாரிக்கப்பட்டார். திறப்பை எறிந்தவர்கள், குளத்துக்கு வழிகாட்டும் இணையத்தளத்தைத் தம் கையிலே வைத்திருந்தனர், அதனாற் பெரும்பொருளும் ஈட்டினர் என்பது அரசு தரப்பு வாதம். 2025 ஆகஸ்ட் 6இல் யூரிமார் மூன்று குற்றச்சாட்டுகளுள் ஒன்றில் மட்டுமே ஒருமித்தனர். அனுமதிப்பத்திரமின்றிப் பணம் அனுப்பும் தொழில் நடத்தச் சதிசெய்தார் என்பதே அது. பணந்தூயதாக்கச் சதி, தடையை மீறச் சதி என்னும் ஏனைய இரண்டிலும் அவர்கள் உடன்படவில்லை. பலரோடு கூடிச் செய்தது என்பது குற்றத்தின் உயிர். மூன்றாம் வேற்றுமைக்கு உடனிகழ்ச்சி என்று இன்னொரு பொருளும் உண்டு என்பதை இவ்விடத்தே நினைத்துக்கொண்டேன். கருவியா கருத்தாவா என்று துணிய மாட்டாத யூரிமார் 'ஓடு' உருபைப் பிடித்துக்கொண்டனர் போலும்.

இவற்றுள் எனக்கு உடன்பாடில்லாதது நெதர்லாந்துத் தீர்ப்பு. கருவியின் இயல்பே கருத்தாவின் நெஞ்சம் என்று அது கொண்டுவிட்டது. அப்படியாயின் பூட்டுச் செய்பவன் எவனும் நிம்மதியாய் உறங்க முடியாது. 'சமுராய் வொலட்' வழக்கிலோ எனக்கு மனத்தடையில்லை. அதனை நடத்திய இருவரும் நாணயம் கலக்கும் வேலையைத் தம் கணினியாலே ஒருங்கிணைத்தனர், கட்டணமும் பெற்றனர், 2025 யூலையிற் குற்றத்தையும் ஒப்புக்கொண்டனர். நவம்பரில் ஒருவருக்கு ஐந்தாண்டும் மற்றவருக்கு நான்காண்டும் சிறை கிடைத்தது.

இவையெல்லாம் அயல்நாட்டுக் கதைகள் என்று நாம் ஒதுக்க முடியாது. எங்கள் ஊரின் உண்டியல் நினைவுக்கு வரவில்லையா? ரொறன்ரோவிலே மகன் காசைக் கொடுப்பான். வவுனியாவிலே இன்னொருவர் தாய்க்கு ரூபாவை எண்ணிக் கொடுப்பார். கடலைத் தாண்டியது ஒரு தொலைபேசிச் சொல் மட்டுமே. 2021இல் வங்கிகள் டொலருக்கு இருநூறு ரூபாவளவிலே கட்டுண்டு கிடக்க, உண்டியற்காரர் அதனினும் மிகுதியாகக் கொடுத்தனர். 2020இல் 710 கோடி டொலராக இருந்த நாட்டின் வெளிநாட்டுப் பணவரவு 2022இல் 379 கோடியாகச் சுருங்கியதற்கு அதுவும் ஒரு பெருங்காரணம். அங்கே சட்டத்துக்குக் குழப்பமில்லை. உண்டியற்காரர் கையிலே காசு இருக்கிறது, குறிப்புப் புத்தகம் இருக்கிறது, தரகுக்கூலி இருக்கிறது. அவர் ஐயமற்ற கருத்தா. அவருக்குக் கொப்பி விற்ற கடைக்காரரை இதுவரை எவரும் தேடிப்போனதில்லை. மாணாக்கன் எழுத விரும்பும் நிரலோ கொப்பியுமன்று, உண்டியற்காரருமன்று; இரண்டுக்கும் நடுவே நிற்பது.

எங்கள் நாட்டில் இதற்குரிய சட்டம் 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், பணந்தூயதாக்கலைத் தடைசெய்வது. அழுக்கான செயலுக்கு எத்துணைத் தூய பெயர்! அது நிரலாளரை மனத்திற்கொண்டு வரையப்பட்டதன்று. பணம் குற்றத்தின் வழி வந்ததென்று அறிந்திருப்பவனை மட்டுமன்றி, அவ்வாறு நம்புவதற்குக் காரணமுள்ளவனையும் அது பிடிக்கிறது. அறிதலுக்கு எல்லையுண்டு. காரணமிருத்தலுக்கு எல்லை எது? உலகில் எங்கோ ஒரு கள்வன் இருப்பான் என்பதை நம்பக் காரணமில்லாத நிரலாளன் யார்?

மாணாக்கன் எழுந்து போகும்போது, பராமரிப்புச் செலவுக்காக நூற்றுக்கு ஒரு பங்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். இணையத்தளத்தையேனும் தான் நடத்தலாமா என்றான். அதற்கு என்னிடம் உடனே விடையில்லை. சட்டத்தின் தமிழ்ப் பிரதியைக் கொண்டு அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். அந்தக் 'காரணம்' என்ற சொல்லிலிருந்து தொடங்கவேண்டும்.