அந்த ஒரு நிமிடத்தில் யாரும் போனைப் பார்ப்பதில்லை

பாடசாலைச் செயற்திட்டத்துக்கோ ஹேக்கத்தானுக்கோ "ஏழை நாடுகளுக்கு ஒரு செயலி" செய்ய நினைக்கும் தம்பி தங்கையருக்காக இதை எழுதுகிறேன். நல்ல எண்ணம்தான். ஆனால் அது பச்சிளம் குழந்தைகளுக்கான செயலி என்றால், நிரல் எழுதத் தொடங்கும் முன் ஒரு கேள்வி: குழந்தை பிறக்கும்போது அந்தப் போன் யார் கையில் இருக்கும்?

2022இல் உலகில் சுமார் 23 இலட்சம் குழந்தைகள் பிறந்து ஒரு மாதம் முடியும் முன்பே இறந்துபோனார்கள். ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகளில் இது ஏறத்தாழப் பாதி. குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது மூச்சுவிட முடியாமல் போவது, தொற்று ஆகியவை முக்கிய காரணங்கள்.

பிறந்த குழந்தை மூச்சுவிடவில்லை என்றால் உடனே துடைத்து, முதுகைத் தேய்த்துவிட வேண்டும். அதற்கும் அசையாவிட்டால், முகமூடி பொருத்திய சிறிய காற்றுப்பையை அழுத்தி, முதல் நிமிடத்துக்குள் மூச்சுக் கொடுக்கத் தொடங்க வேண்டும். மருத்துவத்தில் இதைப் 'பொன் நிமிடம்' என்கிறார்கள். அந்த நேரத்தில் மருத்துவமாதுவின் இரண்டு கைகளும் குழந்தையில்தான் இருக்கும். போனைத் திறந்து, கடவுச்சொல் போட்டு, காணொளி தேட அவருக்கு ஏது நேரம்?

அப்படியானால் போனால் பயனே இல்லையா? இருக்கிறது. ஆனால் அந்த நிமிடத்துக்கு முன்பு.

டென்மார்க்கில் உருவான 'சேஃப் டெலிவரி ஆப்' என்ற செயலியை மேற்கு எத்தியோப்பியாவின் கிராமப்புறங்களில் 73 சுகாதார நிலையங்களில் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதி நிலையங்களின் பணியாளர்களுக்கு அந்தச் செயலியுள்ள போன்களைக் கொடுத்தார்கள். அசைபடக் காணொளிகளைப் பார்த்து அவர்கள் படித்தார்கள். ஓராண்டு கழித்துப் பரீட்சித்தபோது, மூச்சுக் கொடுக்கும் திறனில் அவர்கள் மற்றவர்களைவிடத் தெளிவாக முன்னே நின்றார்கள். இறந்து பிறத்தலும் முதல் வார மரணமும் சேர்த்து, செயலி இருந்த இடங்களில் 1000 பிறப்புக்கு 14, இல்லாத இடங்களில் 23. ஆனால் 2016இல் வெளியான அந்த ஆய்வு, இந்த வித்தியாசம் புள்ளியியல்படி உறுதியானதல்ல என்றும் சொன்னது. கை பழகியது உறுதி. உயிர் காத்தது இன்னும் நிரூபிக்கப்பட வேண்டியது. இந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. பதிவிறக்க எண்ணிக்கையைக் காட்டிக் கைதட்டு வாங்கும் எங்கள் துறைக்கு இது கொஞ்சம் தேவை.

இன்னொரு உதாரணம் இதைவிட எளிமையானது. தான்சானியாவின் சான்சிபார் தீவில் சுமார் 2,500 கர்ப்பிணிகளோடு நடந்த ஆய்வில் செயலியே இல்லை. ஒரு பகுதிப் பெண்களுக்குக் குறுஞ்செய்திகள் அனுப்பினார்கள். மருத்துவமாதுவைக் கூப்பிட அழைப்புக் கட்டணத்துக்கான வவுச்சரும் கொடுத்தார்கள். அவர்களில் 60 சதவீதத்தினர் பயிற்சி பெற்றவரின் உதவியோடு குழந்தை பெற்றார்கள். மற்றவர்களில் 47 சதவீதம். இறந்து பிறத்தலும் முதல் வார மரணமும் 1000 பிறப்புக்கு 36க்குப் பதிலாக 19. ஆனால் பயிற்சி பெற்றவரிடம் பிரசவம் பார்ப்பது நகர்ப்புறப் பெண்களிடம்தான் தெளிவாகக் கூடியது. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. அழைப்பு போய்ச் சேரும் இடத்துக்கு வீதியும் வண்டியும் போய்ச் சேர வேண்டுமே.

ஆகவே என் கருத்து இதுதான்: போன் குழந்தையைக் காப்பாற்றாது, பழகிய ஒரு கைதான் காப்பாற்றும். அந்தக் கையைப் பழக்கவும், அந்தக் கையிடம் தாயைக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் போன் உதவலாம். அதற்கு மேல் வாக்குறுதி கொடுக்கும் செயலியை நான் நம்பமாட்டேன்.

நீங்கள் செய்யப்போவது இணையம் இல்லாமல் இயங்குமா? மலிவான பழைய போனில் திறக்குமா? அந்த ஊர் மொழியில் பேசுமா? தாய் அழைத்தால் மறுமுனையில் எடுக்க ஆள் உண்டா? அந்த ஆளிடம் காற்றுப்பையும் முகமூடியும் இருக்கிறதா? கடைசி இரண்டுக்கும் 'இல்லை' என்பது பதிலானால், திரட்டிய காசை முதலில் அங்கே செலவழியுங்கள். செயலி கொஞ்சம் காத்திருக்கும். குழந்தைக்கு இருப்பது ஒரு நிமிடம்தான்.