மலையில் விடுதி கட்டும் வணிகர் கவனத்திற்கு

எருமப்பட்டிக் கடைவீதியில் நின்று நிமிர்ந்து பார்த்தால் கொல்லிமலை தெரியும். கையில் நாலு காசு சேர்ந்ததும் மலையில் ஒரு தங்கும் விடுதி கட்டலாம் என்ற ஆசை நம் வணிகர் பலருக்கும் வருகிறது. கொல்லிமலை, ஏற்காடு என்று தொடங்கி, வசதியுள்ளவர்கள் ஊட்டி, கொடைக்கானல் வரை இடம் பார்க்கிறார்கள். தவறில்லை. ஆனால் சரக்கு எடுக்கும்போது பார்க்கும் கணக்கைக் கட்டடம் கட்டும்போதும் பார்க்க வேண்டாமா?

நமக்குத் தெரிந்த மளிகை வணிகர் ஒருவர் ஊட்டிப் பக்கம் பத்து அறை விடுதி கட்டினார். பள்ளத்தாக்குக் காட்சிக்காக வடக்கே முழுவதும் கண்ணாடி, மெல்லிய சுவர், மேலே தகரக் கூரை. பகலில் அழகு, இரவில் நடுக்கம். அறைக்கு அறை ஹீட்டரும் கீஸரும் வைத்தார். மின்கட்டணம் செலுத்தக் கடை முதலில் கை வைத்தார். இரண்டாம் ஆண்டில் கடையில் சரக்குக் குறைந்தது. நம் மண்டிக்குத் தர வேண்டிய பாக்கியும் நின்றது. நாணயமான மனிதர். கட்டடம்தான் அவரைக் கடனாளி ஆக்கியது.

கணக்கைப் பாருங்கள். 2,000 வாட் ஹீட்டர் இரவில் 8 மணி நேரம் தொடர்ந்து எரிந்தால் 16 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால் ஓர் அறைக்கு 160 ரூபாய்; பத்து அறைக்கு ஓர் இரவில் 1,600 ரூபாய். வாடகையில் மிஞ்சுவது என்ன?

குளிரை வெல்ல மின்சாரம் ஒன்றே வழி என்பதில்லை. சுமார் 2,240 மீட்டர் உயரமுள்ள ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். அந்த மலையில் தோடர்கள் கட்டிய குடிசைக்குக் குனிந்து நுழையும் சிறு வாசல் மட்டுமே; உள்ளே உள்ள சூடு எளிதில் வெளியேறாது.

நம் பக்கத்து லாரிக்காரர்களுக்கு லடாக் தெரியும். லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரம். அங்கே சோனம் வாங்சுக் முதலானோர் 1988-ல் தொடங்கிய செக்மோல் அமைப்பு, பே என்ற ஊரில் மாணவர் வளாகம் கட்டியது. தடித்த மண் சுவர், தெற்கு நோக்கிய பெரிய கண்ணாடிகள். பகல் வெயிலின் சூட்டைச் சுவரும் தரையும் வாங்கி வைத்து இரவில் வெளியிடுகின்றன. வெளியே தண்ணீர் உறையும் குளிரிலும் உள்ளே பிள்ளைகள் படிக்கிறார்கள்.

நாம் செய்யக்கூடியது இதுதான். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்கிறது. ஆகவே பெரிய ஜன்னல்களைத் தெற்கே வையுங்கள். வடக்கே சிறிதாக வையுங்கள். சுவரைத் தடிப்பாக எழுப்புங்கள். தகரக் கூரையானால் அடியில் சூடு தாங்கும் உள்கூரை போடுங்கள். கதவு, ஜன்னல் இடுக்குகளை அடையுங்கள். ஊட்டியைவிடக் குளிர் குறைந்த கொல்லிமலைக்கும் ஏற்காட்டுக்கும் இவ்வளவே பெரும்பாலும் போதும்.

வெந்நீருக்குச் சூரிய வெந்நீர்க் கலன் வையுங்கள். மேகமூட்டமான நாட்களுக்கு மட்டும் மின்சாரம் துணை இருக்கட்டும். பத்துக் கீஸர்கள் தினம் ஒரு மணி நேரம் ஓடினால் 20 யூனிட், 200 ரூபாய். ஆண்டில் பாதி நாட்கள் அறைகள் நிறைந்தாலே சுமார் 36,000 ரூபாய். இதில் பெரும்பகுதி மிஞ்சும். கலனின் விலையை அந்த மிச்சத்தால் வகுத்துப் பாருங்கள். முதல் எப்போது திரும்பும் என்று தெரிந்துவிடும்.

கட்டும் செலவு ஒரு தடவை; எரியும் செலவு தினந்தோறும். வரைபடத்தில் கையெழுத்திடும் முன், மாத மின்செலவு எவ்வளவு வரும் என்று எழுதித் தரும்படி பொறியாளரிடம் கேளுங்கள். தயங்கினால் வேறு பொறியாளரைப் பாருங்கள். கடை முதலைக் காப்பாற்றிக்கொண்டு மலை ஏறுவோம்.