மேதைக்குப் பின்னே நின்ற சங்கம்

கணித மேதை இராமானுஜனின் வரலாற்றை நம் பேச்சாளர்கள் மேடைதோறும் முழங்கி வருகின்றனர். கும்பகோணத்து வறுமை, நாமகிரித் தாயார்மேல் அவர் கொண்ட பக்தி, 1913இல் ஹார்டிக்கு எழுதிய மடல், கேம்பிரிட்ஜ் பயணம் என நான்கே படிகளில் கதை முடிந்துவிடும். இவற்றுக்கிடையே ஒரு சங்கம் நின்றது என்பதை எவரும் விரித்துரைக்கக் கேட்டிலேன். அச்சங்கம் இல்லையேல் அம்மடல் எழுதப்பட்டிருக்குமா என்பதே என் ஐயம். தமிழாசிரியனுக்குக் கணிதச் சங்கத்தோடு என்ன உறவு என்று கேட்போர் கேட்கட்டும். சங்கம் என்னும் சொல்லின்மேல் எங்களுக்குச் சற்றே உரிமை உண்டு!

1907ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் தோன்றியது அச்சங்கம். தோற்றுவித்தவர் பேராசிரியர் அல்லர். டெபுடி கலெக்டராகப் பணியாற்றிய வி. இராமசாமி அய்யர். தொடக்க உறுப்பினர் இருபதின்மர். 'அனலிடிக் கிளப்' என்பது முதற்பெயர். 1910இல் விதிகள் புதிதாக வகுக்கப்பெற்று இந்தியக் கணிதச் சங்கமாயிற்று. உயர்கணித நூல்களையும் அயல்நாட்டு ஆய்விதழ்களையும் தனியொருவர் விலை கொடுத்து வாங்குதல் அரிதாயிருந்த காலம் அது. பலர் சந்தாவைச் சேர்த்து நூல் வாங்குவது, வாங்கியதைப் பலரும் படிப்பது என்னும் எளிய ஏற்பாடே அதன் அடித்தளம். நூலகம் புனே பெர்குசன் கல்லூரியில் அமைந்தது. ஒன்று குறிக்கத்தக்கது. நிறுவியவர் செயலாளராகவே அமர்ந்தார். முதல் தலைவர் பி. அனுமந்த ராவ். இராமசாமி அய்யர் தலைமைப் பொறுப்பேற்றது 1926இல்தான். பெயர்ப்பலகை எழுதி முடிப்பதற்குள் தலைவர் நாற்காலியை வாங்கிவிடும் ஊர்களில் வாழும் நமக்கு இச்செய்தி வியப்பளிக்கும்.

1910இல் இளைஞர் இராமானுஜன் தம் குறிப்பேடுகளோடு திருக்கோவலூர் சென்று, எழுத்தர் வேலை வேண்டி இராமசாமி அய்யர்முன் நின்றார். ஏடுகளைப் புரட்டிய அவர், வருவாய்த்துறையின் கடைநிலை வேலையில் இவ்வறிவைப் புதைக்க மனமின்றி, அறிமுக மடல்கள் தந்து சென்னைக்கு அனுப்பினார். சென்னையில் சேஷு அய்யர் வழிகாட்ட, நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் தந்து ஆதரித்தார். இவர் சங்கத்தின் செயலாளர். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானபோது, மேலதிகாரியாக வாய்த்த நாராயண அய்யர் சங்கத்தின் பொருளாளர். நிறுவியவர், செயலாளர், பொருளாளர் எனப் பொறுப்பாளர் கைகளின் வழியாகவே அவர் கேம்பிரிட்ஜை நோக்கி நடந்தார்.

சங்கத்தின் ஏட்டையும் மறத்தல் தகாது. 1911இல் இராமானுஜனின் முதற்கட்டுரை, பெர்னூலி எண்கள் பற்றியது, அதில்தான் வெளிவந்தது. அவர் நடை பிறர்க்கு விளங்காத சுருக்க நடை. ஆசிரியர் நாராயணய்யங்கார் கட்டுரையைக் குப்பைக்கூடையில் இடவில்லை. திருத்தி எழுதுமாறு பன்முறை திருப்பி அனுப்பி, அச்சேறும் வடிவத்திற்குக் கொணர்ந்தார். வினாப் பகுதியில் இராமானுஜன் விடுத்த வர்க்கமூல அடுக்கு வினா ஒன்றுக்கு மாதங்கள் பல கடந்தும் எவரும் விடை அனுப்பிலர். இறுதியில் வினவியவரே விடையிறுத்தார், விடை 3. எஃப்.ஏ. தேர்வில் தேறாத ஒருவரின் வினாவை அச்சிட அவ்வேடு பட்டச் சான்றிதழ் கேட்கவில்லை.

எனினும் அச்சங்கம் குறையற்றது என்று யான் கூறேன். மடலும் அறிமுகமும் பெரும்பாலும் ஒரே வட்டத்துக்குள் சுழன்றன. உயர் அதிகாரியும் பேராசிரியரும் அறிந்த குடும்பத்துப் பிள்ளைக்கு அக்கதவு இருக்குமிடம் தெரிந்தது. அதே காலத்தில் ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ தோல் பதனிடுவோர் மகனுக்குக் கணக்கில் தேர்ச்சி இருந்திருப்பின், அவன் எவர் வாசலில் நின்றிருப்பான்? இந்த வினாவுக்கு நம்மிடம் இன்றும் நல்ல விடையில்லை.

1920 ஏப்ரலில் இராமானுஜன் மறைந்தார். அவ்வாண்டுச் சங்க ஏட்டில் சேஷு அய்யரும் இராமச்சந்திர ராவும் நினைவுரை வரைந்தனர். உறுப்பினர் செய்தி என நாம் படிக்காமல் தள்ளும் பக்கங்கள் அவை. பின்னர் வந்த வரலாற்றாசிரியர் அனைவரும் அவற்றையே தேடிச் சென்றனர்.

பொறுப்பை அமானிதம் என்று சொல்லும் மரபில் வளர்ந்தோர் நாம். ஆயினும் யான் அறிந்த இலக்கிய அமைப்பொன்றில், பல்லாண்டுகட்கு முன் பேசியோர் யார் என்று வினவியபோது, கறையான் தின்ற அட்டை ஒன்றை மட்டுமே காட்டினர். தலைவர் மட்டும் மாறவில்லை! 1985இல் திருச்சிராப்பள்ளியில் இராமானுஜன் கணிதச் சங்கம் தோன்றி, அடுத்த ஆண்டே தனக்கென ஆய்விதழ் கண்டது. திருச்சியில் இயன்றது நம் மன்றங்களுக்கும் இயலும்.

கல்லூரி மன்றங்கள் ஆண்டுதோறும் செயலாளரை மாற்றட்டும். கணக்கையும் கூட்டக் குறிப்பையும் அடுத்தவரிடம் கையொப்பம் பெற்று ஒப்படைக்கட்டும். வகுப்பில் பின் இருக்கையில் அமர்ந்திருக்கும் மாணவனின் கவிதையோ வினாவோ வந்தால், மதிப்பெண் பட்டியலைப் பாராமல், திருத்தம் குறித்துத் திருப்பி அனுப்பட்டும். மன்றத்திற்கு வெளியே உள்ள பிள்ளைகள் எழுதிப் போட ஒரு பெட்டியும் வாயிலில் வைக்கலாம். அதன் சாவி மாணவச் செயலாளரிடம் இருக்கட்டும்.